லூப் போட நாள் குறித்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது

கேள்வி: டாக்டர் அக்கா, எனக்கு 27 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஏழு மாதம். இரண்டும் சுகப்பிரசவம். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். சின்னவன் தீபாவளி லீவில் தங்கிய பிள்ளை. போன மாதம் மாதவிடாய் திரும்ப வந்துவிட்டது. மிட்வைஃப் மிஸ் கருத்தடைக்கு லூப் போடச் சொல்லி அடுத்த கிளினிக்குக்கு நாள் கொடுத்திருக்கிறார். மூன்று மாத ஊசி முன்பு போட்டபோது ஓயாத தலையிடி, அது வேண்டாம். ஆனால் நாத்தனார் “உயிர் போய் உயிர் வரும்” என்கிறாள். மாமியார் “கூடை சுமக்கிறவளுக்கு அது நிக்காது, நெஞ்சுக்கு ஏறிடும்” என்கிறார். கணவரோ போனில் “நான் இல்லாத வீட்டில லூப் எதுக்கு” என்று கேட்கிறார். எப்படித் தயாராவது? வலித்தால் என்ன செய்வது? மறுநாள் மலைக்குப் போகலாமா?

பதில்:

தங்கச்சி, வலியைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம். நீங்கள் கடைசியில் கேட்டிருந்தாலும் மனதில் முதலில் இருப்பது அதுதான்.

“ஒன்றுமே தெரியாது, இரண்டு நிமிஷ வேலை” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி நம்பிப் படுத்தவர், முதல் பிடிப்பு வந்ததும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று திடுக்கிட்டுப் போகிறார். திடுக்கிட்டால் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும். உங்கள் நாத்தனார் சொல்வதும் பொய்யில்லை, அவருக்கு அப்படி இருந்திருக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் இது மாறும். சுகப்பிரசவத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பொதுவாக வலி குறைவு. நீங்கள் இரண்டிலும் சேர்த்தி.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். முதலில் கையுறை போட்ட விரலால் கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி ஒன்றை வைப்பார்கள். நமது குளிருக்கு அது சில்லென்று இருக்கும், அழுத்தமாகவும் இருக்கும், ஆனால் வலி என்று சொல்ல முடியாது. கருப்பை வாயை மருந்தால் துடைத்துவிட்டு, அது அசையாமல் இருக்க ஒரு கருவியால் பிடிப்பார்கள். இங்கேதான் முதல் சுருக்: ஒரு கிள்ளு. அடுத்து, கருப்பையின் ஆழத்தை அளக்க மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போகும். அப்போது மாதவிடாய் வலி போல அடிவயிற்றில் ஒரு பிடிப்பு வரும், சிலருக்கு அதைவிடக் கடுமையாக. பிறகு குழாய் வழியாக லூப் உள்ளே போகும்போது இன்னொரு பிடிப்பு. கடைசியாக நூலை மூன்று சென்டிமீற்றர் அளவுக்கு விட்டு வெட்டுவார்கள், அது தெரியவே தெரியாது. எல்லாம் சேர்த்து ஐந்து முதல் பத்து நிமிடம். கடுமையான பகுதி அந்த இரண்டு பிடிப்பும்தான், ஒவ்வொன்றும் சில நொடிகள். அந்த நேரத்தில் மூச்சை அடக்காதீர்கள். வாயைத் திறந்து மெதுவாக ஊதி விடுங்கள், இடுப்பைக் கட்டிலோடு விடுங்கள். பிரசவ அறையில் பழகியதுதானே.

மாத்திரை எடுக்கலாமா? எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்றே சொல்வேன். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, முறைக்கு ஒரு மணி நேரம் முன்பு. பால் கொடுக்கும் தாய் அதை எடுப்பதில் தடையில்லை. உங்களுக்குக் கேஸ்ட்ரிக், வயிற்றுப் புண், ஆஸ்துமா ஏதாவது இருந்தால் அது வேண்டாம், 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளதைச் சொல்வதானால், வைக்கும் அந்த நொடியின் வலியை மாத்திரை முழுதாகத் தடுக்காது. பிறகு வீடு வரும் வழியிலும் அன்றிரவும் வரும் பிடிப்பைத்தான் நன்றாகக் குறைக்கும். கருப்பை வாயில் விறைப்பு மருந்து (மரத்துப்போகச் செய்யும் மருந்து) வைக்கும் வழியும் இருக்கிறது. எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்காது, ஆனாலும் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. முதல் பிரசவத்தில் மிகவும் கஷ்டப்பட்டவர்கள், உள்ளே பரிசோதிக்கும்போதே நடுங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள். காலையில் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் பிடித்து, வரிசையில் நின்று, பதினொரு மணிக்குக் கட்டிலில் ஏறுகிறவருக்குத்தான் மயக்கம் வருகிறது. கருப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கித் தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். ரொட்டியோ சோறோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடிந்த உடனே எழும்பாமல் கால் மணி நேரம் படுத்திருங்கள். வெளியே அடுத்தவர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். “ரெண்டு பிள்ளை பெத்தவதானே, இதெல்லாம் ஒரு வலியா” என்று அதட்டும் குரல் சில இடங்களில் கேட்கும். அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும், பாதி வழியில் என்றாலும் சரி. தமிழ் தெரியாத டாக்டராக இருந்தால் “ரிதெனவா, டிகக் இன்ன” என்று சொல்லுங்கள், வலிக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று புரிந்துகொள்வார். இதை முன்கூட்டியே மிஸ்ஸிடம் சொல்லி, தலைமாட்டில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண் டாக்டராக இருந்தாலும் மிஸ்ஸோ நர்ஸோ கூட நிற்பார்கள்.

இனி நாள். உங்களுக்கு மாதவிடாய் திரும்பிவிட்டதால், அது தொடங்கிய நாளிலிருந்து 12 நாளுக்குள் போடுவது வசதி. கர்ப்பம் இல்லை என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம். தீட்டோடு கிளினிக்குக்குப் போவதா என்று கூச்சப்பட்டு நாளைத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரத்தப்போக்கு இருக்கும் நாளிலேயே தாராளமாகப் போடலாம். ஆனால் கிளினிக் நாளுக்கு முன் கணவர் வந்துபோய், பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அந்த நிலையில் சிறுநீர்ப் பரிசோதனை அவசரப்பட்டுச் செய்தால் சரியாகக் காட்டாது, அடுத்த மாதவிடாய் வரும்வரை பொறுப்பதே நல்லது. அதுவரை கொண்டம்.

காரணம் தெரியாத இரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைபடுதல், அடிவயிற்று வலியோடு காய்ச்சல், கருப்பையில் கட்டி என்று முன்பு யாராவது சொன்னது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும், லூப் பிறகுதான். பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் தொற்று வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. 1980களில் கருத்தடை ஆபரேஷனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. என்ன செய்கிறார்கள் என்று சரியாகப் புரியாமல் கைநாட்டு வைத்த பெண்கள் நமது லயங்களில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். மிஸ் வந்து கதவைத் தட்டினாலே “என்னத்தையோ வைக்கப் போறாங்க” என்று நினைக்கும் தலைமுறைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆகவே அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது ஆபரேஷன் இல்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதைத்தான். நாளைக்கே எடுக்கச் சொன்னாலும் எடுப்பார்கள், வைப்பதைவிட எடுப்பது சுலபம். எடுத்த அடுத்த மாதமே பிள்ளை தங்கலாம். போட வேண்டும் என்றோ எடுக்கக் கூடாது என்றோ உங்களை யாரும் வற்புறுத்த முடியாது.

அப்புறம் அந்த நெஞ்சுக்கு ஏறும் விஷயம். கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது. லூப் என்பது தீக்குச்சியைவிடக் குட்டையான, T வடிவப் பிளாஸ்டிக். அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்வதால் கரு உருவாவதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகப் போடுவது காப்பர் டி 380ஏ, அது பத்து வருடம் வேலை செய்யும். ஹோர்மோன் இல்லை, ஆகவே ஊசியால் வந்த தலையிடி இதனால் வராது, பாலும் குறையாது. முதல் வருடத்தில் ஆயிரம் பேர் போட்டால் ஆறு முதல் எட்டுப் பேர்வரைதான் கர்ப்பமாகிறார்கள்.

அபூர்வமாக, வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போவதுண்டு. ஆயிரத்தில் ஒன்று இரண்டு பேருக்கு இப்படி நடக்கிறது. பால் கொடுக்கும் மாதங்களில் கருப்பை மென்மையாக இருப்பதால் இது சற்றே கூடுதல். அப்படி நடந்தால் ஆஸ்பத்திரியில் சிறு துளை வழியாக எடுத்துவிடுவார்கள். மாமியார் கேள்விப்பட்ட கதையின் வேர் இதுவாக இருக்கலாம். ஆகவேதான் பழகிய கையால் போட்டுக்கொள்வது முக்கியம்.

கூடைக்கும் லூப்புக்கும் சம்பந்தமில்லை. கயிறு தலையில், பாரம் முதுகில். மலை ஏறி இறங்குவதாலோ தோட்டத்துப் பாதையில் பஸ் குலுங்குவதாலோ அது கழன்று விழாது. ஆனால் கருப்பையே அதை வெளியே தள்ளிவிடுவது உண்டு. இருபது பேரில் ஒருவருக்கு நடக்கலாம், பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், மாதவிடாய் நாட்களில். கூடை சுமக்காத, ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணுக்கும் அப்படியேதான்.

இதைக் கண்டுபிடிக்க நூல் உதவும். மாதவிடாய் முடிந்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டால் மீன்பிடி நூல் நுனி மாதிரித் தட்டுப்படும். இழுத்துப் பார்க்காதீர்கள். லயத்தில் அதற்குத் தனிமை எங்கே என்று கேட்பீர்கள், சரிதான். பிடிக்காவிட்டால் கட்டாயமில்லை, கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நூல் திடீரென்று நீளமாகத் தெரிந்தாலும், காணாமல் போனாலும், கடினமான பிளாஸ்டிக் விரலில் முட்டினாலும் போய்க் காட்டுங்கள், அதுவரை கொண்டம் பாவியுங்கள்.

அன்றைய நாளைப் பற்றி. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டாம். காலையில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) எடுத்துவிட்டு மத்தியானம் கிளினிக்குக்கு ஓடுவதும் வேண்டாம். கங்காணியிடம் கிளினிக் இருக்கிறது என்று சொன்னால் போதும், என்ன கிளினிக் என்று விளக்க வேண்டியதில்லை. தளர்வான பாவாடையோ சீத்தையோ கட்டிக்கொண்டு, இரண்டு பேட், கிளினிக் கார்டு எடுத்துக்கொண்டு போங்கள். முறைக்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். சின்னவனுக்குப் பால் கொடுத்துவிட்டு மாமியாரிடமோ பிள்ளைக் காம்பராவிலோ விடுங்கள். துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள், ஆனால் நாத்தனாரை வேண்டாம். பாவம், அவர் அவருடைய வலியை உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்.

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு படுங்கள். ஆறேழு மணி நேரம் கழித்துத் தேவையானால் இன்னொரு மாத்திரை. இரண்டு மூன்று நாள் பிடிப்பும் பொட்டுப் பொட்டாக இரத்தமும் இருக்கலாம். பீலியில் குளிக்கலாம், தடையில்லை. மறுநாள் மலைக்குப் போகிறவர்கள் பலர். உங்களுக்கு இடுப்பு விட்டுப்போன மாதிரி இருந்தால் இன்னொரு நாள் வீட்டில் இருங்கள். பேர் போகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஞாயிறை ஒட்டி வரும் கிளினிக் நாள் கிடைக்குமா என்று மிஸ்ஸிடம் கேட்கச் சொல்கிறேன். காப்பர் லூப் போட்ட நேரத்திலிருந்தே வேலை செய்யும், ஆனாலும் ஓரிரு நாள் கழித்துச் சேர்வது உடம்புக்கு இதம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். காப்பர் லூப் போட்டால் முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்வரை, மாதவிடாய் இரத்தம் கூடும், நாட்களும் நீளும். பிறகு பெரும்பாலும் குறையும். நல்ல இரத்தம் உள்ளவருக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பெண்ணுக்கு இது பிரச்சினை. தோட்டத்துப் பெண்களில் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறவர்களை, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். சின்னவன் பிறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. லூப் போடுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்குங்கள்.

அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். இதைச் சொல்லி எனக்கு அலுக்கவேயில்லை. மலையில் பத்து மணித் தேத்தண்ணி வரும்போது மாத்திரையையும் சேர்த்து வாயில் போடுவது பலரின் பழக்கம். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. நாள் முழுக்கக் கொழுந்தோடு கிடக்கும் பெண்ணுக்கு அந்தக் கொழுந்தே இரத்தத்தைக் குறைக்கிறது என்றால் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரவு படுக்கப்போகும் முன் வெறும் தண்ணீரில் போடுங்கள், தேசிக்காய் பிழிந்த தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலும் ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் மாதவிடாய் கட்டுக்கடங்காமல் போனால் லூப் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம், எடுத்துவிட்டு வேறு வழி பார்ப்போம். ஊசி ஒத்துக்கொள்ளாத உங்களுக்குக் கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் ஹோர்மோன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

உங்கள் கணவர் போனில் கேட்டது. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொழும்பில் வேலை செய்யும் எத்தனையோ பேர் இதையே கேட்கிறார்கள், அவர்களுடைய மனைவிமார் கூசிப்போய் நாளைத் தவறவிடுகிறார்கள். சண்டை பிடிக்காமல் ஒரே பதில் சொல்லுங்கள்: சின்னவன் நீங்கள் வீட்டில் இருந்த நாட்களில் வந்தவன்தானே. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் எந்த நாளில் என்று தெரியாமல் வருகிற கணவருக்குத் தினமும் மிதுரி என்ற கருத்தடை மாத்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருப்பதைவிட இது பொருந்தும். நூல் குத்துமோ என்று அவர் பயந்தால், சில வாரத்தில் அது மென்மையாகி மடிந்துவிடும் என்று சொல்லுங்கள். தொந்தரவாக இருந்தால் கிளினிக்கில் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். அவர் அடுத்த முறை வரும்போது மிஸ்ஸோடு நேரில் பேசவையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அவர் சம்மதித்தால் நல்லது. ஆனால் லூப் உங்கள் உடம்பில் போடுவது, சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள். லூப் பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். சந்தேகம் ஏதும் இருந்தால் கொண்டமும் சேர்த்துத்தான்.

போட்ட பிறகு, குறிப்பாக முதல் மூன்று வாரத்தில், காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வந்தாலோ, நாற்றமுள்ள வெள்ளைபட்டாலோ, ஒரு மணி நேரத்துக்குள் பேட் நனைந்து மாற்றும் அளவுக்கு இரத்தம் தொடர்ந்து போனாலோ வீட்டில் கசாயம் வைத்துப் பார்க்க வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பவும் வேண்டாம், நேரே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் லூப் போட்டிருக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிற்றில் வலியும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். லூப் இருக்கும்போது கர்ப்பம் தங்குவது அபூர்வம், தங்கினால் அது கருக்குழாயில் தங்கியிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் கிளினிக்குக்குப் போய் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள்.

கொடுத்த நாள் உங்கள் மாதவிடாய்க் கணக்கோடு ஒத்துவராவிட்டால் மிஸ் லயத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போன் எடுத்துச் சொல்லுங்கள். அவர் வேறு நாள் போட்டுக் கொடுப்பார், உங்கள் இடத்தை அன்றைக்கு இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியும்.